நிலநடுக்கமும் யாம் பெற்ற வெற்றியும்

சென்ற பருவத்தில் எம் தமிழ்ச் சங்கத்திலே ஒரு சொற்போர் நிகழ்ந்தது. "நிலநடுக்கம் தெய்வ தண்டனையே" என்பது பொருள். யாம் அக்கட்சியை ஏற்றுப் பேசினோம். கோராகையும் அவன் கூட்டத்தாரையும் நிலம் வாய் திறந்து விழுங்கிய வரலாற்றை எடுத்துக் காட்டினோம். அவையோர் கைகொட்டினர்; வாக்குகளும் எம் பக்கமே மிகுந்தன. மண்டபத்தினின்று வெளிவருங்கால், எதிர்க்கட்சியிற் பேசித் தோற்ற நண்பர் எம்மை அணுகி, "கில்லாரியில் உறங்கியவாறே மாண்ட குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்பதை மட்டும் நீர் கூறவில்லையே" என்றார். வேறொன்றும் கூறாது சென்றுவிட்டார்.

அன்றிரவு அவ்வெற்றி எமக்கு இனிக்கவில்லை. மறுநாளே நூல்நிலையம் புகுந்து, நம் பாரதநாட்டு நிலநடுக்கங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம்.

எம் வாதத்திற்கு யாம் பேரரணாகக் கொண்டிருந்தது காந்தியடிகளின் வாக்கு. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. பதினாயிரவர்க்கு மேல் மாண்டனர். முங்கேர் நகர் கற்குவியலாயிற்று. நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டெழ, விளைநிலங்கள் மணல் மூடிக் கிடந்தன. அப்போது அரிசனத் தொண்டின் பொருட்டுத் தென்னாட்டிற் சுற்றிவந்த அடிகள், ஜனவரி 24-ஆம் நாள் நம் திருநெல்வேலியிற் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்குக் கடவுள் விடுத்த தண்டனை இதுவெனக் கூறினார். கவி தாகூரும் தீண்டாமையை வெறுத்தவரே. ஆயினும் இவ்வாக்கு அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமாமன்றி, மாந்தர் ஒழுக்கத்தோடு அதனைப் பிணைத்தல் தகாதென எழுதினார். அடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். தம் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர் மார்ச்சுத் திங்களிற் பீகார் சென்று துயருற்றோரிடையே ஊர் ஊராக நடந்தார். இம்மறுப்பினை யாம் சொற்போருக்கு முன்னரே படித்திருந்தோம். மேடையில் அதனை மறைத்தோம். இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

எம்மை முற்றும் அசைத்தவை வேறிரண்டு நடுக்கங்கள். 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலையில் அசாமில் நேர்ந்தது, உலகம் அறிந்த பெருநடுக்கங்களுள் ஒன்று. அதன் அளவு 8-ஐ ஒட்டியது. ஷில்லாங் நகரத்துக் கற்கட்டடங்கள் யாவும் தரைமட்டமாயின. மாண்டவரோ ஏறத்தாழ 1,500 பேர். கில்லாரியில் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் நேர்ந்ததன் அளவு 6.2 மட்டுமே. முன்னதன் ஆற்றல் பின்னதினும் பலநூறு மடங்கு பெரிது. எனினும் கில்லாரியிலும் சுற்றூர்களிலும் மாண்டவர் 8,000-க்குக் குறையார் என்பர். பாவத்தின் அளவென்று கொண்டால் இக்கணக்கு எவ்வாற்றானும் பொருந்துமோ?

விடையை நிலநூலார் சுவரிற் காட்டுகின்றனர். அசாமில் நடுங்கியது மாலைப்பொழுது, மக்கள் விழித்திருந்தனர். பலருடைய இல்லங்கள் மரச்சட்டமும் நாணற்சுவரும் உடையன. அவை ஆடினவேயன்றி அமுக்கிக் கொல்லவில்லை. அதன் பின்னர் அந்நாட்டில் அவ்வகை வீடுகளே பெருகின. கில்லாரியிலோ விடியற்காலம் நாலுமணி. முந்திய இரவிற் பிள்ளையாரை நீரில் விடும் விழா முடித்து, மக்கள் அயர்ந்து உறங்கினர். வீடுகள் சேற்றுமண் வைத்து அடுக்கிய கருங்கற்சுவர்கள். அவற்றின்மேல், வெயில் தாக்காதிருக்க மண் கொட்டிய கனத்த கூரை. வெயிலினின்று காத்த கூரையே அன்று புதைகுழியாயிற்று. ஏழை தன் கைக்கெட்டிய கல்லைக் கொண்டு கட்டினான். அபாயம் மிகக் குறைந்த பகுதியென்றே அக்காலத்து வரைபடமும் அவ்வூர்ப்புறத்தைக் குறித்திருந்தது. பாவம் என்னும் பழியை நீக்கி, மடமை என்னும் பழியை அவர்மேற் சுமத்த எமக்கு மனமில்லை.

நம் நிலப்பரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டங்குலம் வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகின்றது. அந்நெருக்கமே இமயத்தை உயர்த்தியது. அதுவே 1905-இல் காங்கடாவையும், 1934-இற் பீகாரையும், 1950-இல் மீண்டும் அசாமையும் குலுக்கிற்று. 2001-ஆம் ஆண்டு குடியரசு நாட்காலையிற் கச்சு நாடு நடுங்கியபோது, அஞ்சார் நகர வீதியிற் கொடியேந்தி நடந்த பள்ளிப்பிள்ளைகள் மேல் இருபுறத்து வீடுகளும் சரிந்தன. இதனைப் படித்தபின் அன்று மேற்கொண்டு படிக்க இயலவில்லை.

லூக்கா சுவிசேஷத்திலே சீலோவாம் கோபுரம் வீழ்ந்து பதினெண்மர் மாண்ட செய்தி வருகின்றது. மற்றையோரினும் அவர் குற்றவாளிகளோ என்று ஆண்டவரே வினவி, அல்லர் என்று விடையும் கூறுகின்றார். இளமை முதல் யாம் கேட்டுவந்த பகுதி அது. கோராகைத் தேடிச் சென்ற எம் கை, சொற்போருக்கு முன் இவ்வேட்டைப் புரட்டவில்லை. அவ்வுடனே மனந்திரும்பும்படி அவர் எச்சரிப்பதும் உண்டு. ஆனால் அவ்வெச்சரிக்கை உயிரோடு கேட்டு நின்றவர்க்கு உரியது.

யாம் இதனை நண்பரிடம் சென்று கூறினோம். அவர் நகைத்து, தரும்சாலையைப் பற்றிப் படித்தீரோ என்றார். அங்கே தேவதாரு மரங்களிடையே யோவான் பெயரால் 1852-இல் எழுந்த தேவாலயம் ஒன்றுண்டு. 1905-இன் நடுக்கத்தில் ஆலயம் நின்றது, மணிக்கூண்டு வீழ்ந்தது. பின்னர் 1915-இல் இங்கிலாந்தில் வார்க்கப்பெற்ற மணியை இன்று ஆலயத்திற்கு வெளியே முற்றத்தில் அமைத்திருக்கின்றனர்.