ஆட்டம் வந்துவிட்டது, ஜீன்ஸ் வரவில்லை

ஆவணி பிறந்த வாரம். 2025 ஆகஸ்ட் 19. கேப் என்கிற அமெரிக்கத் துணிக் கம்பெனி ஒரு விளம்பரம் விட்டது. கேட்ஸ்ஐ என்ற ஆறு பெண்கள் குழு தலை முதல் கால் வரை டெனிம் போட்டுக்கொண்டு ஆடுகிறது. பாட்டு அவர்களுடையதுகூட இல்லை, கெலிஸ் 2003-இல் பாடிய ‘மில்க்‌ஷேக்’. நடனம் ராபி ப்ளூ. விலை, தள்ளுபடி பற்றிப் பேச்சே கிடையாது. இடுப்பும் தோளும் தலைமுடியும்தான் வியாபாரம் பேசுகின்றன.

நேரமும் வாய்த்தது. முந்தின மாதம்தான் இன்னொரு கம்பெனி, நடிகை சிட்னி ஸ்வீனியை வைத்து, ஜீன்ஸையும் மரபணுவையும் முடிச்சுப் போட்டு வாசகம் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. நிறத்தையும் பிறப்பையும் விற்கிறார்கள் என்று ஒரே சண்டை. அந்தச் சூட்டில் ஆறு பெண்கள், ஆறு விதமான முகம், ஒரே ஆட்டம். பதில் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. திட்டமிட்ட பதில் என்று நான் நம்பவில்லை. இந்த மாதிரி படப்பிடிப்பெல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே நடப்பது.

*

அதற்கு முந்தின ஆடியில் எங்கள் ஊர், புதுச்சேரி வீராம்பட்டினத்தில், செங்கழுநீரம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி தவிர வேறு குரலுக்கு இடமில்லை. ஐந்தாம் வெள்ளித் தேர் வரைக்கும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் இது. இப்போது துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடிக்கிறார்கள். அரசாங்கம் வந்து தொட்டு ஆரம்பித்து வைக்கிற விழா, அதற்கென்று இருக்கிற பாட்டு. அந்த வரிசையில் கேட்ஸ்ஐக்கு இடமில்லை. அது போன் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தது, யாரையும் கேட்காமல்.

*

கரையில் பார்த்தது. ஏற்றி வைத்த ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் நாலு பெண்கள், எல்லாம் ப்ளஸ் டூ வயசு. மீன் போடும் ஐஸ் பெட்டி மேல் செங்கல்லை வைத்து, அதில் போனைச் சாய்த்திருந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிச்சு. ஒருத்தி அண்ணனுடைய அரைக்கால் டவுசர். ஜீன்ஸ் யாரும் போடவில்லை. குதிகாலில் சுழல்கிற இடம் வந்ததும் மணல் காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை விழுந்த பிறகு எல்லோரும் எழுந்து வலை பின்னுகிற கூடத்துச் சிமெண்டுத் தரைக்குப் போனார்கள். அங்கே சுழல வந்தது.

கூடத்து ஓரத்தில் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த கிழவிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடி இது, சாமி வந்தாப்ல?”

“கேட்ஸ்ஐ ஆயா.”

“அது எந்த ஊரு?”

“அமெரிக்கா. அதுல ஒருத்தி நம்ம ஆளுதான் ஆயா.”

“நம்ம ஆளுன்னா? எந்தக் குப்பம்?”

பெண்கள் சிரித்துச் சிரித்து ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். கிழவி சிரிக்கவில்லை. அவளுக்கு அது நியாயமான கேள்வி.

*

அந்த ‘நம்ம ஆள்’ லாரா ராஜகோபாலன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். மேடையில் பொட்டு வைத்துக்கொள்கிறாள். அக்கா ரியா ராஜும் பாடகிதான். நம் பத்திரிகைகள் அவளைத் ‘தமிழச்சி’ என்று தலைப்பில் ஏற்றிக் கும்மி அடித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிடிஎஸ் குழுவை வைத்திருக்கும் கொரிய ஹைப் நிறுவனமும் அமெரிக்க கெஃபன் நிறுவனமும் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் விண்ணப்பங்களிலிருந்து இருபது பேரைப் பொறுக்கி, லாஸ் ஏஞ்சலிஸில் வைத்துப் பயிற்சி கொடுத்து, 2023 நவம்பரில் ஆறு பேரை நிறுத்தின. அந்த உழைப்பில் நம் பங்கு என்ன? குடும்பப் பெயர் மட்டும்தான்.

ஆனால் பொட்டு விஷயம் வேறு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று பொட்டை அழித்துவிட்டுப் போன பிள்ளைகள் வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் நிறைய. அவர்களுக்கு அது சும்மா அலங்காரம் இல்லை. இங்கே வீராம்பட்டினத்தில் அது செய்தியே இல்லை. இங்கே எவள் பொட்டு வைக்கவில்லை என்பதுதான் பேச்சு.

*

இதே கேட்ஸ்ஐ குழு 2025 ஏப்ரல் கடைசியில் ‘நார்லி’ என்று ஒன்றை விட்டபோது ரசிகர்களே காதைப் பொத்தினார்கள். போபா டீ, டெஸ்லா கார், பொரித்த கோழி என்று கடைச் சாமான்களை அடுக்கி இரைச்சலில் ஏற்றிய பாட்டு. பிறகு மேடையில் ஆடிக் காட்டினார்கள். பேச்சு மாறியது. அமெரிக்காவின் பில்போர்டு நூறு பட்டியலுக்குள் அவர்கள் முதன்முதலில் புகுந்தது அந்தப் பாட்டோடுதான். காதுக்குப் பிடிக்காதது கண்ணுக்குப் பிடித்து, கண் வழியாகக் காதுக்குப் போனது. கேப் கம்பெனி இதைக் கவனித்திருக்கும்.

*

விளம்பர இசை விளம்பரத்தை விட்டு நழுவுவது நமக்குப் புதிதில்லை. ‘ரோஜா’வுக்கு முன்னால் ரஹ்மான் போட்ட லியோ காபி இசையை இன்னும் முணுமுணுப்பவர்கள் உண்டு, அதில் பாதிப் பேர் வேறு காபி குடிப்பவர்கள். 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’ ஒரு படத்துக்கான முன்னோட்டப் பாட்டு. உலகமே பாடியது. அடுத்த மார்ச்சில் ‘3’ வந்தபோது அந்தக் கூட்டம் தியேட்டருக்குத் திரும்பவில்லை. பாட்டுக்குக் கால் முளைத்துவிட்டால் முதலாளி பின்னால் ஓட வேண்டியதுதான்.

கேப் விஷயத்தில் முதலாளியும் கூடவே ஓடினார் என்று சொல்ல வேண்டும். 40 கோடிப் பார்வை என்று தலைமை அதிகாரி பங்குதாரர்களிடம் பெருமைப்பட்டார். விளம்பரம் வந்த காலாண்டில் கேப் பிராண்டின் ஒப்பீட்டு விற்பனை 7 சதவீதம் கூடியது. அந்தக் கணக்கில் எங்கள் ஊர் ஐஸ் பெட்டி மேலிருந்த போனும் ஒரு பார்வையாகச் சேர்ந்திருக்கும். விற்பனையில் சேர்ந்திருக்காது.

*

இந்தப் பாட்டுக்குழு மோகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்திலிருந்து மூன்று சிறுமிகள் பிடிஎஸ் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்கே கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். காட்பாடியில் மீட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அல்லது போனைப் பிடுங்கச் சொன்னார்கள். பதின்மூன்று வயதில் ஒரு துறைமுகத்தின் பெயரைத் தேடி வழி யோசித்த பிள்ளைகளிடம், ஆடப் பாட உள்ளூரில் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

*

போட்டி வைத்துப் பெண்கள் குழுவை உருவாக்குகிற வித்தை இந்தியாவிலும் நடந்தது. 2002-இல் சேனல் வி, கோக் காசில் ‘பாப்ஸ்டார்ஸ்’ நடத்தி ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து ‘விவா’ என்று பெயர் வைத்தது. போட்டியும் விளம்பரம், குழுவும் விளம்பரம். இரண்டு ஆல்பத்தில் கதை முடிந்தது. அதில் இருந்த நேஹா பாசின் பிறகு யுவன் இசையில் 2007-இல் ‘சத்தம் போடாதே’ படத்துக்குப் ‘பேசுகிறேன்’ பாடினார். அந்தப் பாட்டு இன்னும் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்களில் ஓடுகிறது. கேட்கிறவர்களிடம் விவா என்று சொல்லிப் பாருங்கள், சோப்பா என்பார்கள். நம் ஊரில் எந்தக் குழுவானாலும் சினிமா ஒருத்தி இரண்டு பேரைப் பிரித்து எடுத்துக்கொள்ளும், குழுவுக்கு வேலை இருக்காது. அந்த வலை பின்னுகிற கூடத்தில் ஆடியதும் ஒரு குழுதான்.