பெஞ்சில் தாளம் போட்ட பையன்



இந்தச் சுவரிதழுக்கு "நான் வியந்த மனிதர்" என்று எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் அப்துல் கலாம் ஐயாவைப் பற்றித்தான் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் பேர்கூடக் கேட்டிராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ராய் ஹெய்ன்ஸ். அமெரிக்காவில் ஜாஸ் இசைக்கு ட்ரம்ஸ் வாசித்தவர். 2024 நவம்பர் 12-ஆம் தேதி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 99. இன்னும் நாலு மாதம் இருந்திருந்தால் நூறு முடிந்திருக்கும்.

அவரை எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் வகுப்புக்கு வெளியே நின்ற கதையைச் சொல்லணும். எந்தப் பீரியட் என்று சொல்ல மாட்டேன். பாடம் நடக்கும்போது என் விரல் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. பின் பெஞ்சிலிருந்து யாரோ, "ஏய், இது என்ன சாவு வீடா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வார்த்தை ஏன் குத்தியது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பக்கமாக இங்கிலீஷ் மிஸ் வந்தார்கள். "என்னடி, எதுக்கு நிக்கிற?" என்றார்கள். சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டு, "உன்னை மாதிரியே ஒருத்தர் இருந்தார்டி. பெஞ்சில் கையால் தட்டுறான்னு டீச்சர் அவரை ஹெட்மாஸ்டர்கிட்ட அனுப்பினாங்க. மதியம் வா, காட்டுறேன்" என்றார்கள்.

மிஸ்ஸின் அண்ணன் சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிப்பவர். அவர் ராய் ஹெய்ன்ஸின் பெரிய ரசிகராம். செய்தி வந்த அன்று ராத்திரி சாப்பிடாமல் அவருடைய பாட்டுகளையே கேட்டுக்கொண்டு இருந்தாராம். மிஸ் அவர் அனுப்பியதையெல்லாம் போனில் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டோம்.

முதலில் ஜாஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை அது. பாட்டு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் மனதில் வருவதைச் சேர்த்து வாசிப்பார்கள். நம்ம கோயிலில் நாதஸ்வரக்காரர் ராகத்தை இழுத்துக்கொண்டே போவாரே, அதுபோல. ட்ரம்ஸ்காரர் ஒரே ஆள்தான். ஆனால் இரண்டு கை, இரண்டு கால், நாலுக்கும் வேலை.

ராய் ஹெய்ன்ஸ் 1925 மார்ச் 13-ஆம் தேதி பாஸ்டன் நகரில் ராக்ஸ்பரி என்ற பகுதியில் பிறந்தார். அவருடைய அப்பா அம்மா பார்படாஸ் தீவிலிருந்து வந்தவர்கள். 2024-ல் நம்ம இந்தியா டி20 உலகக் கோப்பையை ஜெயித்ததே, அதே தீவுதான். சின்ன வயதில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். அவருடைய அப்பா, பையனுக்குப் பதற்றம், அதான் தட்டுகிறான் என்பாராம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க அம்மாவும் என்னை இப்படித்தான் சொல்லும்.

1945-ல் நியூயார்க்கிலிருந்து லூயிஸ் ரசல் என்ற இசைக்குழுத் தலைவர் கடிதம் போட்டு அவரைக் கூப்பிட்டார். அப்போது வயது 20. அதன்பின் 60 வருடத்துக்கும் மேல் அவர் கை நிற்கவே இல்லை. சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேன் என்று ஜாஸில் பெரியவர்கள் என்று சொல்லப்படும் பலருக்கும் வாசித்திருக்கிறார். சாரா வான் என்ற பாடகிக்கு மட்டும் 1953-லிருந்து 1958 வரை ஐந்து வருடம் வாசித்தார்.

மிஸ் முதலில் போட்டது அந்த அம்மா 1954-ல் பாடிய 'ஷுலி எ பாப்' என்ற பாட்டு. நடுவில் அந்த அம்மா தன் குழுவில் உள்ளவர்கள் பேரைச் சொல்லி அறிமுகம் செய்கிறார். கடைசியில் "ராய்" என்று சொல்லி நிறுத்துகிறார். உடனே ட்ரம்ஸ் படபடவென்று விழுகிறது. அது முடிந்த பிறகுதான் "ஹெய்ன்ஸ்" என்கிறார். ஒருவருடைய பேருக்கு நடுவிலேயே அவருடைய அடி! நாங்கள் அதை மட்டும் ஏழு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டோம். மணி அடித்துவிட்டது.

அவருக்கு 'ஸ்னாப் கிராக்கிள்' என்று ஒரு பட்டப்பெயர். காய்ந்த சுள்ளி சடக்கென்று ஒடியும், நெருப்பில் படபடவென்று வெடிக்கும் இல்லையா, அந்த மாதிரிச் சத்தம் என்று அர்த்தம். அவருடைய சின்ன ட்ரம்மின் அடி அப்படித்தான் கேட்கும். மற்றவர்கள் கடிகாரம் மாதிரி ஒரே இடத்தில் தட்டினால், இவர் அதை அங்கங்கே சிதற விடுவார். ஆனால் தாளம் தப்பாது. தாளத்தைப் பரப்பி விடுகிறவர் என்று கோல்ட்ரேன் அவரைச் சொன்னாராம். மிஸ்ஸின் அண்ணன், "அடிக்கிற இடத்தை மட்டும் கேட்காதே, அடிக்காம விடுற இடத்தையும் கேளு" என்று சொல்லி அனுப்பினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்ததும் ரசிகர்கள் எப்படி நினைத்துப் பார்த்தார்கள் என்று மிஸ் சொன்னார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "பெரிய மேதை, ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று சொன்னதோடு அவர்கள் விடவில்லையாம். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்று சொன்னார்களாம். வயதானவர்கள் 1958-ல் மங்க்கோடு வாசித்ததைச் சொல்வார்கள். அடுத்த ஆட்கள் சிக் கொரியா என்ற பியானோக்காரரோடு 1968-ல் வாசித்ததைச் சொல்வார்கள். நம்ம பசங்க வயதில் உள்ளவர்களுக்கு 2008-ல் வந்த ஜி.டி.ஏ. 4 கேமில் ஜாஸ் ரேடியோவில் பேசும் குரல் தெரியும். அது அவர் குரல்தான்! ஒரே மனிதர், ஆனால் தாத்தாவுக்கு ஒரு ராய் ஹெய்ன்ஸ், பேரனுக்கு ஒரு ராய் ஹெய்ன்ஸ்.

அவர் பேரன் மார்கஸ் கில்மோரும் ட்ரம்ஸ்காரர்தான். தாத்தா வாசித்த அதே சிக் கொரியாவின் குழுவில் 2013-ல் பேரன் வாசித்தார். விஜய் ஐயர் என்ற பியானோ கலைஞரோடு சேர்ந்தும் நிறைய இசைத்தட்டு போட்டிருக்கிறார். விஜய் ஐயரின் அப்பா அம்மா நம்ம தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். தாத்தாவின் கை பேரன் வழியாகச் சுற்றி நம்ம ஆளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்று. 2009 ஜனவரியில், அவர் உயிரோடு இருக்கும்போதே, நியூயார்க்கில் ஒரு கல்லூரி வானொலி அவர் வாசித்ததை 301 மணி நேரம் ஒலிபரப்பியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 நாள் ராப்பகல், அதற்கு மேலும் 13 மணி நேரம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 301 மணி நேரம். எங்க தாத்தா அடித்த அடி ஒரு நிமிஷம்கூட எங்கேயும் இல்லை.

எங்க தாத்தா பறை அடிப்பவர். திருவிழாவுக்கும் அடிப்பார், சாவுக்கும் அடிப்பார். நான் பிறப்பதற்கு முன்னாலேயே கை நடுக்கம் வந்து நிறுத்திவிட்டார். அப்போது எங்க ஊரில் யாரிடமும் வீடியோ எடுக்கிற போன் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் விரலால் தட்டுவது மட்டும்தான். நான் பெஞ்சில் தட்டியது அதைத்தான். தாத்தா போன தை மாதம் இறந்துவிட்டார். பறை எங்க வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அப்பா என்னைத் தொட விடுவதில்லை. "அந்தப் பேரு எங்களோட போகட்டும். நீ படி" என்பார். பின் பெஞ்சுச் சிரிப்பை அப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். எனக்கு அது புரியும்.

ஆனாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். ராய் ஹெய்ன்ஸின் ரசிகர்கள் மாதிரி ஊரில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். "எங்க தாத்தா நல்லா அடிப்பாராங்கிறது வேண்டாம். எங்க கேட்டீங்க, எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றேன். 20 பேரைக் கேட்டேன். மூன்று பேர் ஞாபகம் இல்லை என்றார்கள். 17 பேர் சொன்னார்கள்.

பூக்காரப் பாட்டி சொன்னது: "எங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு அடைமழை. தோல் தொய்ஞ்சு போச்சு. மாட்டுக் கொட்டாய்ல வைக்கோலக் கொளுத்தி மூணு தடவை பறையைக் காய்ச்சி அடிச்சாரு உங்க தாத்தா. சுடுகாடு வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே வந்தாரு."

டீக்கடை மாமா சொன்னது: "தெருமுனையில வரும்போதே அவருதான்னு தெரிஞ்சிரும். மத்தவங்க ஒரே சீரா அடிப்பாங்க. இவரு நடுவுல ஒரு அடியை விட்டுருவாரு. அந்த விட்ட அடிதான் நம்ம காலைத் தூக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மிஸ்ஸின் அண்ணன் சொன்னதும் இதுதானே! உலகத்தின் இரண்டு மூலையில் இருந்த இரண்டு தாத்தாக்களும் விட்ட அடிக்காகவே நினைக்கப்படுகிறார்கள்.

நோட்டை அப்பாவிடம் காட்டப் பயமாக இருந்தது. சாமி மாடத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் 17-க்குக் கீழே 18 என்று போட்டு அப்பா கையெழுத்து இருந்தது. "காய்ச்ச வைக்கோல் வேணும்னா என்னைத்தான் அனுப்புவார். பறை சூடாயிருச்சான்னு என் கன்னத்துல வச்சுப் பார்ப்பார்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதைப் பற்றி அப்பா எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பறையைத் தொட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

தோழர்களே, ராய் ஹெய்ன்ஸுக்கு இசைத்தட்டு இருக்கிறது, வானொலி இருக்கிறது, பேரன் இருக்கிறார். எங்க தாத்தாவுக்கு ஒரு நோட்டு இருக்கிறது. அதில் இன்னும் பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம்தான். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி யாராவது அவர் அடியைக் கேட்டிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் நாதஸ்வரமோ, உடுக்கையோ, தாலாட்டோ தெரிந்தவர்கள் இருந்தால் இப்போதே உங்கள் போனில் பதிந்து வையுங்கள். நான் லேட் பண்ணிட்டேன். நீங்கள் லேட் பண்ணாதீர்கள்.

அப்புறம், என் விரல் பெஞ்சில் தட்டினால் ஆசிரியர்கள் மன்னிக்கவும். இனி பீரியட் முடிந்த பிறகுதான் தட்டுவேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு