வவுனியாக் குளக்கரையில் வெளுத்த காக்கி

சென்ற ஆவணி விடுமுறையில் வவுனியா நகரிலே சில நாள் தங்க நேர்ந்தது. மாலை வேளைகளில் வைரவபுளியங்குளக் கட்டில் உலாவுவேன். சோளகம் வீசுங் காலம். விரித்த ஈரத்துணி அரை மணியில் உலர்ந்து விறைத்துவிடும். அங்கே அறிமுகமான, எண்பதைக் கடந்த பெரியவரொருவர், தம் தந்தையார் 'வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு' வெளுத்த கதையைச் சொன்னார்.

1942ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதை வாசகர் அறிவர். அந்த யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படை வவுனியாவிலும் தளம் அமைத்தது. இன்று அது இலங்கை விமானப் படையிடம் இருக்கிறது. 1943இல் 22ஆம், 217ஆம் அணிகள் போபோர்ட் விமானங்களுடன் அங்கே இருந்தன. விமானமொன்றுக்கு நால்வர். வன்னிப் புழுதியிலும் வியர்வையிலும் காக்கிச் சட்டை ஒரு நாளைக்கு மேல் தாங்குமா? கடல் கடந்து வந்த அவ்விளைஞர்களின் அழுக்கை உள்ளூர்த் தொழிலாளரே போக்கினர். 'டோபி' என்ற இந்திச் சொல்லை ஆங்கிலச் சிப்பாய்கள் தமதாக்கிக்கொண்டனர். பிரித்தானியக் கடற்படையில் துணி துவைத்தலுக்கே அது பெயராயிற்று.

உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, கஞ்சியிட்டு, கரி நெருப்பிட்ட பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்ப்பது முறை. ஒரே நிறச் சட்டைகள் நூறு கலந்தால் உடையவனை அறிவதெப்படி? சேங்கொட்டைச் சாற்றாற் குறியிடுவர். சுண்ணாம்பு பட்டதும் கறுத்து, எவ்வெளுப்பிலும் அழியாது. அக்குறி பட்ட கழுத்திலும் இடுப்பிலும் சிலருக்குத் தோல் கொப்புளித்ததுண்டு. இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படை மருத்துவர்கள் 1943இல் அதனை ஆராய்ந்து எழுதினர். எழுத்தறியாத் தொழிலாளிக்கோ அதுவே இடாப்பு.

"அப்புவுக்கு அவையின்ர பேர் தெரியாது, மாஸ்ரர், குறிதான் தெரியும்" என்றார் பெரியவர்.

ஒரு கிழமை, தேய்த்து மடித்த நான்கு மூட்டைகளைப் பெற ஆள் வரவில்லையாம். வாயிலில் நின்ற காவலாள் கிழக்கே, கடற்பக்கம் கையைக் காட்டித் தலையை அசைத்தானாம். மூட்டைகளை மீண்டும் வீட்டுக்குக் கொணர்ந்து, எறும்பு ஏறாமல் உறியிற் கட்டி வைத்திருந்தார் தந்தையார். பல நாள் கழித்து அலுவலகத்தார் ஒருவர் வந்து எண்ணிப் பெற்றுச் சென்றார். அந்தக் கூலியை அப்பு கேட்கவேயில்லை.

"எனக்கும் அந்தக் குறியளைக் காட்டித் தந்தவர்" என்று கூறிய பெரியவர், குச்சியொன்றை எடுத்து, குளக்கட்டு மண்ணில் நான்கையும் கீறினார்: ஒரு புள்ளி; இரு கோடு; ஒரு வட்டம்; வட்டத்துள் ஒரு புள்ளி.