குதிகாலும் கடற்கரையும்

மும்பை மாநகரைக் காண வருகிறவர்கள் கேட்வே வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எலிபெண்டா குகைகளுக்குப் படகேறுவார்கள். சித்தி விநாயகரைத் தரிசித்துவிட்டு ஊருக்கு ரயிலேறுவார்கள். அந்நகரத்தை ஓடிப் பார்த்தவர்கள் சிலரே. நொண்டிப் பார்த்தவர்கள் அவர்களினும் சிலர். இவ்விரு பாக்கியங்களும் நமக்குக் கிட்டின.

நம்மை விளையாட்டு வீரர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப் பந்தயம் என்றால் வயிற்றுவலி என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர் நாம். நாற்பத்தைந்து பிராயம் கடந்த பிறகே, இடுப்பு வாரில் புதிய துளை போட இடமில்லாமற் போன காரணத்தால், ஓடத் தொடங்கினோம். முதலில் கடமையாகத் தொடங்கியது, பிறகு பழக்கமாயிற்று. பின்னர் அதுவே பெரும் ஆசையாகவும் ஆயிற்று.

மாட்டுங்காவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மல்லிகையும் கதம்பமும் மணக்கும். வாழையிலைக் கட்டுகள் வழிமறிக்கும். 1940-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கபே மெட்ராஸின் வாசலில் காப்பிக்கு ஒரு கூட்டம் காத்திருக்கும். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பார்ஸிகளின் தாதர் குடியிருப்பு. அங்கே சாலைகள் கூடும் இடத்தைச் சுற்றி ஐந்து தோட்டங்கள் அமைந்திருக்கின்றன. அக்குடியிருப்பை உருவாக்கிய மஞ்சர்ஜி ஜோஷியின் பெயரை அவை தாங்கியுள்ளபோதிலும், மக்களுக்கு அது என்றும் 'ஃபைவ் கார்டன்ஸ்'தான். பெருமரங்களின் நிழல், அகன்ற நடைபாதை, காலை வேளையில் அதிக வாகனமின்மை ஆகிய மூன்றும் புதிதாக ஓடுகிறவனுக்கு வேண்டியவை. அங்கேதான் நாம் முதல் ஒரு கிலோமீட்டரை மூச்சு வாங்க ஓடி முடித்தோம்.

ஃபைவ் கார்டன்ஸ் பள்ளிக்கூடமென்றால், சிவாஜி பார்க் கல்லூரி. 1925-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இம்மைதானத்தைச் சுற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. 'கட்டா' என்பார்கள். ஒரு சுற்றுச் சுமார் 1.2 கிலோமீட்டர் இருக்கும். சுவரின் மேல் பெரியவர்கள் அமர்ந்து அரசியல் பேசுவார்கள். காதலர்கள் அமர்ந்து ஒன்றும் பேசமாட்டார்கள். உள்ளே ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்பது ஆடுகிறவர்களுக்கு மட்டுமே விளங்கும். ரமாகாந்த் அச்ரேக்கரிடம் சச்சின் டெண்டுல்கர் பயின்றது இந்த மண்ணில்தான். ஒரு மூலையில் சிறுவர் சிறுமியர் மல்லகம்பத்தில் பாம்புபோல் சுற்றிக்கொண்டு தலைகீழாக நிற்பார்கள். இவர்களுக்கு நடுவே, தொப்பை குலுங்க ஓடும் ஒருவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவே மும்பையின் பெருந்தன்மை.

மூன்றாவது இடம் மெரின் டிரைவ். நரிமன் முனையிலிருந்து வில்லாக வளைந்து செல்லும் சுமார் 3.6 கிலோமீட்டர் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் அரபிக்கடல். மறு பக்கம் முந்தைய நூற்றாண்டின் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் எழுந்த ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்கள். 2018-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மேடு பள்ளமில்லாத பாதை. காற்று முகத்தில் மோத, விடியலில் அங்கே ஓடுகிறவனுக்குத் தான் யார், தன் வயது என்ன என்பதெல்லாம் மறந்துபோகும். மறந்துபோவதில்தான் அபாயமும் இருக்கிறது.

மும்பை மாரத்தான் ஓட்டம் 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. இப்போது ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. முழு ஓட்டம் 42.195 கிலோமீட்டர்; அரை ஓட்டம் அதில் சரிபாதி. அரை ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டு, நாம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். எந்த நாள் எவ்வளவு தூரம் என்று பைசா பிசகாமல் கணக்கு எழுதினோம். சனிக்கிழமை நெடுந்தூர ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வு என்று நோட்டில் எழுதியிருந்ததே தவிர, அன்று காலை நண்பர்களுடன் இரண்டு மணி நேரம் பாட்மிண்டன் ஆடினோம். அது விளையாட்டுத்தானே, அதைக் கணக்கில் எழுதுவானேன் என்று நினைத்தோம். இந்தப் பேதமெல்லாம் மனத்துக்குத்தான். குதிகாலுக்கு ஓட்டமும் ஒன்று, ஆட்டமும் ஒன்று. இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும்.

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை மெரின் டிரைவில் 16 கிலோமீட்டர் ஓடினோம். மறுநாள் பந்து வலைக்கருகே விழ, முன்னே பாய்ந்து எடுத்தோம். ஆட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்தது. திங்கட்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கியபோது இடது குதிகாலின் பின்புறம் மரக்கட்டைபோல் விறைத்திருந்தது.

அந்த வலியின் சூதை என்னென்பது! காலையில் குத்தும், பத்து நிமிடம் ஓடினால் மறையும். மறைந்ததால் குணமாயிற்று என்று நம்பி மேலும் ஓடுவோம். மாலையில் வட்டியுடன் திரும்பி வரும். இப்படி மூன்று வாரம் நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோம். வீட்டில் சொல்லவில்லை. தாதர் ரயில் நிலையப் படிக்கட்டில் பின்னால் வந்த கூட்டம் நெட்டித்தள்ள, ஒரு படி இறங்க முடியாமல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற அன்றுதான் உண்மையை ஒப்புக்கொண்டோம்.

இயன்முறை வைத்தியம் செய்யும் பெண்மணி நம் மகள் வயதுதான் இருப்பார். குதிநரம்பு என்று நாம் சொல்வது நரம்பே அன்று என்றும், கெண்டைச்சதையைக் குதிகால் எலும்புடன் பிணைக்கும் தசைநாண் என்றும் விளக்கினார். உடலிலுள்ள தசைநாண்கள் யாவற்றிலும் தடித்ததும் வலியதும் அதுவே. ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. ஆனால் தசையைப்போல் அதற்கு இரத்த ஓட்டம் தாராளமாக இல்லை. ஆகவே மூச்சும் தசையும் சில வாரங்களில் பலம் பெற்றுவிட, தசைநாண் மட்டும் பின்தங்கிவிடுகிறது. பழுதுபட்டால் தேறுவதற்கும் மாதக்கணக்காகிறது.

"அப்படியானால் முழு ஓய்வு எடுத்துக்கொள்ளலாமா, டாக்டர்?" என்று கேட்டோம், ஏதோ தியாகம் செய்கிற தோரணையில்.

"அதுவும் கூடாது, அங்கிள். சும்மா இருந்தால் அது இன்னும் பலவீனமாகும்" என்றார் அவர்.

அடிபட்டால் ஓய்வும் பனிக்கட்டியும் என்ற சூத்திரத்தை 1978-ஆம் ஆண்டு தம் நூலில் பரப்பிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கின், அவை குணமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-ஆம் ஆண்டு தாமே மாற்றி எழுதினார். நமக்கு விதிக்கப்பட்ட சிகிச்சைக்கு மூலவர் ஹாகான் ஆல்பிரெட்சன் என்ற சுவீடன் நாட்டு வைத்தியர். 1998-ஆம் ஆண்டு அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், நம்மைப் போலப் பொழுதுபோக்காக ஓடும் 15 பேர் 12 வாரம் பயிற்சி செய்து, 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு முழுமையான பலன் கிட்டவில்லை. எனினும் அம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

பயிற்சி எளிது, பொறுமைதான் அரிது. படியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, இரண்டு கால்களாலும் உயர்ந்து, நோயுற்ற காலால் மட்டும் மெல்லக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று முறை. மடக்கி அதேபோல் மூன்று முறை. காலையும் மாலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 தடவை. நம் கட்டடத்தில் அதற்கு வாய்ப்பான இடம் இரண்டாம் மாடிப் படிக்கட்டு ஒன்றே. பக்கத்து வீட்டு மாமி பால் வாங்கப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை நம்மைப் பார்ப்பார்.

"என்ன மாமா, ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

உண்மையில் அது நமக்கே தெரியவில்லை.

ஓட முடியாத அந்த நாட்களில் நடந்தோம். ஓடியபோது காணாத மும்பையை அப்போதுதான் கண்டோம். சிவாஜி பார்க்கின் கட்டாவில் தினமும் ஒரே இடத்தில் அமரும் நான்கு முதியவர்களில் ஒருவர் நம் குதிகாலைப் பற்றித் தினமும் விசாரித்தார். தமக்கு முழங்கால் போய் இருபது ஆண்டு ஆயிற்று என்றும், தினம் ஒரு சுற்று நடப்பதை மட்டும் விடவில்லை என்றும் மராட்டியில் சொன்னார். 'விட்டால் திரும்பக் கிடைக்காது' என்ற நம் அச்சத்துக்கு அவரே மறுமொழியாக இருந்தார். குறைத்துக்கொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு அல்லவா?

ஜனவரி வந்தது. பந்தய எண் பொறித்த சீட்டும் வந்துவிட்டது. பயிற்சியில் எட்டு வாரம்கூட நிறையவில்லை. வலி பாதியாகக் குறைந்திருந்தது. ஆசை முழுதாக இருந்தது. ஓடிவிடலாம் என்று உள்ளம் சொல்லிற்று. அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் விழித்திருந்தோம். விடியற்காலையில் காப்பி கொண்டுவந்த இல்லத்தரசி, "இந்த ஜனவரி போனால் அடுத்த ஜனவரி வராதா?" என்றாள். சீட்டை மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தோம்.

பந்தய நாளன்று இருவருமாகப் பெட்டர் சாலைக்குச் சென்றோம். மாரத்தான் பாதையில் பேர்பெற்ற ஏற்றம் அது. முழு ஓட்டக்காரர்கள் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த பிறகு அங்கே வந்து சேர்கிறார்கள். சாலையின் இருபுறமும் குடும்பங்கள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் உப்பும் ஏந்தி நிற்கும். நாமும் சுளைத் தட்டுடன் நின்றோம். நம் பிராயத்துக்காரர் ஒருவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஏறிவந்தார். சுளையைக்கூட வாங்கவில்லை. அந்த முகத்தில் நாம் நம்மையே கண்டோம். அன்றிரவு நன்றாகத் தூங்கினோம்.

பிப்ரவரி இறுதியில் சிவாஜி பார்க்கில் மறுபடியும் தொடங்கினோம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்துத் தடவை. வைத்தியர் தந்த விதி இது: பத்துக்கு ஐந்துக்கு மேல் வலி போகக்கூடாது, மறுநாள் காலையில் அது தணிந்திருக்க வேண்டும், தணியாவிட்டால் ஒரு படி பின்வாங்க வேண்டும். இரண்டு முறை பின்வாங்கினோம். ஆடி மழையில் அலை சுவரைத் தாண்டி மெரின் டிரைவில் விழுந்த நாட்களில் படிக்கட்டுப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டோம். பாட்மிண்டனையும் விடவில்லை, வாரம் ஒரு நாள், நெடுந்தூர ஓட்டத்துக்கு அடுத்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டோம். நோட்டுப் புத்தகத்தில் இப்போது அதற்கும் ஒரு பத்தி உண்டு.

அடுத்த ஜனவரியில் அரை ஓட்டத்தை முடித்தோம். பெட்டர் சாலை ஏற்றத்தை நடந்தே கடந்தோம். ஒரு சிறுமி நீட்டிய சுளையை நின்று வாங்கி, நன்றி சொல்லித் தின்றோம். நேரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆகவே இங்கே சொல்லவில்லை. குளிர்ந்த காலைகளில் குதிகால் இன்னும் சற்றே விறைக்கிறது. அப்போது இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்குப் போகிறோம். மாமி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தமக்கும் முழங்கால் வலிக்கிறதாம், என்ன பயிற்சி செய்யலாம் என்று வைத்தியரின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மும்பைக்கு வரும் அன்பர்கள் ஒரு நாளேனும் விடியலில் எழுந்து சிவாஜி பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஓடினாலும் சரி, நடந்தாலும் சரி. கால் வலித்தால் கட்டாவில் உட்காரலாம். அங்கே எப்போதும் இடம் இருக்கும்.