இரண்டு ‘ஸ்ரீ’

காஞ்சி நகரின் காந்தி ரோட்டில் ஒரு முறை நடந்து வந்தவர்களிடம், கடைப் பலகைகளில் அதிகமாகக் கண்ட எழுத்து எது என்று கேட்டால், தயங்காமல் ‘ஸ்ரீ’ என்பார்கள். கோயில்கள் நிறைந்த ஊர். பட்டுக்கடை வைப்பவர் காமாட்சியையோ வரதராஜரையோ ஏகாம்பரநாதரையோ துணைக்கு அழைக்கிறார். தெய்வத்தின் பெயரை மொட்டையாக எழுத மனம் வராததால் முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ சேர்க்கிறார். அந்த ஓர் எழுத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஓர் எழுத்து என்றேன். கணிப்பொறிக்கு அது இரண்டு.

கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு முறையில் ‘ஸ’வின் எண் 3000. அதற்கு அருகே 2998 என்ற எண்ணில் ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்து இருக்கிறது, 2005-இல் சேர்க்கப்பட்டது. ‘ஸ’வுடன் புள்ளியும் ரகரமும் ஈகாரக் குறியும் சேர்ந்தால் ‘ஸ்ரீ’ வரும். ‘ஶ’வுடன் அவையே சேர்ந்தாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே ‘ஸ்ரீ’தான் வரும். வடமொழி கற்றோர் இரண்டாவதே முறை என்பர். நாம் கைப்பேசியில் தட்டுவது பெரும்பாலும் முதலாவது. ஆய்வகத்தில் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்தேன். மயிரிழை வேறுபாடும் தெரியவில்லை.

காகிதத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. இணைய முகவரியில் உண்டு. ஒரு கடைக்காரர் முதல் ‘ஸ்ரீ’யில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். இரண்டாம் ‘ஸ்ரீ’யில் அதே பெயரை வேறொருவர் பதிவு செய்தால், வாங்க வருபவர் எந்த வாசலில் நுழைகிறோம் என்று எப்படி அறிவார்?

இந்தக் கேள்விக்கே இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. 1983-இல் முகவரி முறை வகுக்கப்பட்டபோது அதில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் 10 எண்களும் ஒரு சிறு கோடுமே செல்லுபடியாயின. தலையில் இரு புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துக்குக்கூட இடம் கிடையாது. ஜெர்மனியின் பதிவகம் 2004 மார்ச் 1-இல்தான் அத்தகைய எழுத்துகளை ஏற்றது. பன்மொழி முகவரிகளுக்கான முதல் முயற்சிகளில் ஒன்று, 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் செய்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2003-இல் உலகப் பொது விதி வந்தது. 2010-இல் ‘.இலங்கை’யும் 2011-இல் ‘.இந்தியா’வும் ‘.சிங்கப்பூர்’உம் இணையத்தின் மூலப் பட்டியலில் ஏறின.

ஏறியவை வேடமிட்டுத்தான் ஏறின. ‘இந்தியா’ என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறி. பட்டியலிலோ எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள் என்று தொடங்கும் 17 ஆங்கிலக் குறிகள். தமிழைத் திரையில் காட்டுவது உலாவியின் வேலை. உள்ளே நடமாடுவது இன்னும் அந்தப் பழைய 26 எழுத்துக் கூட்டம்தான்!

இது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அப்பா நெய்த சேலையைக் கொடுக்க முதலாளி கடைக்குச் சென்றபோது நானும் உடனிருந்தேன். வெளியூர் அம்மையார் ஒருவர் ஒரு சேலையைக் கொண்டுவந்து, “உங்கள் கடையில் இணையம் வழியாக வாங்கினேன், சாயம் போகிறது” என்றார். அவர் வாங்கிய முகவரியில் ஊர்ப் பெயரின் ‘ஐ’ என்ற எழுத்துக்குப் பதில் இரண்டு ‘ஈ’ இருந்தது. அவ்வளவே வேற்றுமை. கடைக்காரர் தம் அட்டையைக் காட்டி எழுத்தெழுத்தாக விளக்கினார். அப்பாவுக்கு இரண்டு முகவரியையும் படிக்கத் தெரியாது. சேலையைப் புரட்டிக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது விசைத்தறிம்மா, இதுல கோர்வையே இல்லை” என்றார். காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. முகவரியில் ஓரெழுத்தை மாற்றியவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் நம் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பதே ஒரு வழக்கு. 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, அந்த ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றது. தமிழில் முகவரி வந்தால் இத்தொல்லை தீரும் என்று நண்பர்கள் சிலர் வாதிட்டனர். முழுதும் தீராது. தமிழிலும் ‘காஞ்சிபுரம்’, ‘காஞ்சீபுரம்’, ‘காமாட்சி’, ‘காமாக்ஷி’. ஆனால் இவை கண்ணுக்கு வேறாகத் தெரிபவை. படிக்கத் தெரிந்தவர் பிரித்தறிவார். கண்ணுக்கே தெரியாதவற்றைத்தான் விதி பார்த்துக்கொள்ள வேண்டும்.

2019-இல் மூலப் பட்டியலுக்கான தமிழ் எழுத்து விதிகள் வெளியாயின. இரண்டு ‘ஸ்ரீ’யையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்கிறது அவ்விதி. ‘கௌ’ என்பதையும், ‘கெ’வுக்குப் பின் ளகரம் சேர்த்த ‘கெள’ என்பதையும் அவ்வாறே இணைத்தது. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ளகரமிட்டே தட்டுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் இவ்விதி முகவரியின் வலக்கோடியில் ‘.இந்தியா’ நிற்கும் இடத்துக்கு உரியது. ‘ஸ்ரீ’ என்று முடியும் நாட்டுப் பெயர் ஏதும் வரப்போவதில்லை! கடைப்பெயர் நிற்பது இடப்பக்கத்தில். அங்கே விதி செய்ய வேண்டியது அந்தந்தப் பதிவகம், நம் நாட்டில் நிக்சி. வலக்கோடியைவிட இடப்பக்கத்துக்கே இக்காவல் மிகுதியாக வேண்டும் என்பது என் கருத்து. கிரந்த எழுத்தே வேண்டாம் என்று விலக்கிவிட்டால் சிக்கல் தீருமே என்பார் உண்டு. தமிழ்ப்பற்றில் நான் அவர்களுக்குக் குறைந்தவனல்லன். ஆயினும் கடைத்தெருவின் பாதிப் பெயர்களை வெளியே நிறுத்திவிட்டு யாருக்காக வாசல் வைப்பது?

பெயர் கிடைத்தாலும் வேறு தடைகள் உண்டு. தமிழ் மின்னஞ்சல் முகவரியைத் ‘தவறானது’ என்று தள்ளும் விண்ணப்பங்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது வேறு.

“தமிழ்ல வெச்சா வடநாட்டுக்காரங்க எப்படிப்பா படிப்பாங்க?”

“இங்கிலீஷ்லயும் ஒண்ணு இருக்கும்ப்பா. ரெண்டும் ஒரே கடைக்குத்தான் போகும்.”

சற்று யோசித்தார். “அப்ப முதலாளிகிட்ட நீயே வந்து சொல்லு” என்று கூறிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். வருகிற வெள்ளிக்கிழமை சேலை கொடுக்கும் நாள். நானும் போகிறேன்.