மூன்று பைட்டுகளின் சாட்சியம்

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் வாளையாரில் இருந்துகொண்டு, அண்டையிலுள்ள கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளின் சிறு லினக்ஸ் போர்டுகளைச் சீர்செய்து தரும் தொழிலில் எனக்குத் தீர்மானமாய்ப் புலப்பட்ட உண்மை ஒன்றுண்டு. கெர்னல் அறியாத ஃபிளாஷ் சிப்பை எப்படியேனும் ஓடவைத்துவிடலாம். அதை உள்ளது உள்ளபடி கெர்னலுக்கு அறிமுகப்படுத்துவதே சிரமமான காரியம், தர்மமும் அதுவே.

2021-இல் உலகெங்கும் சிப்புகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாத போர்டுகளில் வேறு வேறு சிப்புகள் வந்து அமர்ந்தன. அவ்வித போர்டில், பூட்லோடர் எழுப்பிவிட்ட அன்றைய கெர்னல் 9எஃப் என்னும் கட்டளையை அனுப்பி, சிப் திருப்பிச் சொல்லும் மூன்று பைட்டுகளைத் தன் அட்டவணையில் தேடி, காணாமல், ‘அறியாத ஜெடெக் அடையாளம்’ என்று சீரியல் கன்சோலில் அறிவித்துவிட்டு நின்றுவிடும். ஆயினும் அந்த மூன்று பைட்டுகளே பலவற்றைச் சொல்லிவிடுகின்றன. ஈஎஃப், 40, 18 என்று வந்தால், முதலாவது வின்பாண்ட் என்னும் உற்பத்தியாளர், இரண்டாவது சிப்பின் வகை. மூன்றாவதான 18, பதினாறடிமானத்தில் எழுதப்பட்ட 24 ஆதலால், இரண்டின் 24-ஆம் அடுக்கு பைட்டுகள், அதாவது 16 மெகாபைட், அதன் கொள்ளளவு.

கெர்னலின் அட்டவணையில் கொள்ளளவு ஒத்த வேறொரு சிப்பின் வரியைப் பிரதி எடுத்து ஒட்டிவிடும் சபலம் இவ்விடத்தில்தான் எழும். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை எங்கள் ஊர் வரிச் சோதனைச் சாவடியில் சீட்டோடு சரக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்ததுபோல, அடையாளத்தோடு சிப்பின் குணத்தையும் ஒப்பிட்டே தீரவேண்டும். மாக்ரானிக்ஸ் 25எல்25635 வரிசையில் ஈ, எஃப் என்ற இரு சிப்புகளும் ஒரே மூன்று பைட்டுகளையே சொல்கின்றன. மூன்று பைட் முகவரி 16 மெகாபைட்டுக்கு அப்பால் எட்டாது. இவையோ 32 மெகாபைட். நான்கு பைட் முகவரிக்கென்றே அமைந்த கட்டளைகள் எஃப்-க்குத் தெரியும், ஈ-க்குத் தெரியா. ஆகவே ஈ-யை நான்கு பைட் நிலைக்கு மாற்றித்தான் முழுவதும் படிக்க இயலும். அந்த நிலையிலேயே மின்சாரம் அறாமல் போர்டு ரீசெட் ஆனால், மூன்று பைட் முகவரியோடு படிக்க வரும் பூட் ரோம் குப்பையைப் படித்து நின்றுவிடும்.

சிப் தன் குணங்களைத் தானே எடுத்துரைக்கும் எஸ்.எஃப்.டி.பி. அட்டவணையை ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு 2011-இல் வகுத்தது பெரிய அனுகூலம். ஈ-யையும் எஃப்-ஐயும் கெர்னல் அதைக்கொண்டே பிரித்தறிகிறது. எனினும் அந்த அட்டவணை சகலத்தையும் சொல்வதில்லை. சில சிப்புகளில் தவறாகவும் இருக்கிறது. ஆகையால் டேட்டாஷீட்டை வரிவரியாய்ப் படித்தபின், ஒரு செக்டரை அழித்து ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப் ஆயிற்றா என்று பார்க்கிறேன். எழுதுதல் ஒன்றைப் பூஜ்யமாக்குமேயன்றிப் பூஜ்யத்தை ஒன்றாக்காது. காப்பு பிட்டுகள் இடப்பட்டிருந்தால், அழிக்கும் கட்டளையைப் பல சிப்புகள் மௌனமாய் ஏற்று, எதையும் அழிக்காமல் விட்டுவிடும். எழுதியதைப் படித்து ஒப்பிட்டு, மின்சாரத்தை நிறுத்தி மறுபடியும் படித்தபின்பே அந்த சிப்பை நம்புகிறேன்.

பிறகு, அந்த சிப்பின் வரியைக் கெர்னலில் சேர்க்கும் பேட்ச். கெர்னலைப் பராமரிப்போர் எஸ்.எஃப்.டி.பி. பிரதியையும் பரீட்சை முடிவுகளையும் கேட்பதைச் சிலர் தொந்தரவு என்பர். நான் அதை நியாயம் என்பேன். 2004 முதல் ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் அனுப்புவோர் தம் பெயரால் ஒப்பமிடும் வழக்கம் இருக்கிறது; நான் சேர்க்கும் ஒற்றை வரியை, என்னை ஒருநாளும் காணாத ஒருவர் தம் தரவையெல்லாம் ஒப்படைத்து நம்பப்போகிறார். அதனால், என் கையால் பரீட்சித்துப் பாராத எந்தச் சக்தியையும் அந்த வரியில் நான் சிப்புக்கு ஏற்றிச் சொல்வதில்லை.