‘கள்’ உதிரும் இடம்

டூத்பிரஷ் ஒரு பல்லை மட்டும் தேய்ப்பதில்லை. ஷூ ஷாப்பில் ஒற்றைக் கால் ஷூவை விற்பதில்லை. ஆனாலும் ‘டீத்பிரஷ்’, ‘ஷூஸ் ஷாப்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்து நிற்கும்போது பெயர்ச்சொல் பெரும்பாலும் தன் பன்மையைக் கழற்றி வைத்துவிடுகிறது. தமிழிலும் அப்படித்தானே? பூக்கடை, பல்பொடி, எறும்புப் புற்று. அங்கே எத்தனை என்பது பேச்சே இல்லை. என்ன வகை என்பதுதான்.

இதை யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985இல் பீட்டர் கார்டன் என்ற உளவியலாளர் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்: எலிகளைத் தின்னும் பூதத்துக்கு என்ன பேர்? ‘மைஸ் ஈட்டர்’ என்று தாராளமாகச் சொன்ன குழந்தைகள், ‘ராட்ஸ் ஈட்டர்’ என்று மட்டும் அநேகமாகச் சொல்லவே இல்லை. ‘ராட் ஈட்டர்’தான். உருவமே மாறும் பன்மை உள்ளே போகலாம். வால் மாதிரி ஒட்டிய ‘ஸ்’ போகக்கூடாது.

ஆனால் சில இடங்களில் அந்த வாலை வெட்டினால் பொருளே போய்விடும். கூட்ஸ் ட்ரெயின், ‘நல்ல ட்ரெயின்’ ஆகிவிடும். ஆர்ம்ஸ் ரேஸில் ஆயுதம் போய் கை வந்துவிடும். நம்ம ஊரு லேடீஸ் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மீசை வைத்த ஆணாக இருக்கலாம். ‘லேடி டெய்லர்’ என்றால் தைப்பவரே பெண்.

அப்பா போன வருஷம், அம்மாவோடு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். “விதவை பென்ஷனா? அந்தப் பக்கம் நில்லுங்கம்மா” என்றார் ஊழியர். குரலில் கடுமை எதுவும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு பூக்காரம்மா, ஒரு சத்துணவு ஆயா, கைக்குழந்தையோடு என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: “எங்க எல்லாருக்கும் ஒரே பேருதானாடா?”

திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘விடோ’ ஒருமைதான். பிரிட்டன் 1925இல் போட்ட ஓய்வூதியச் சட்டத்தின் தலைப்பில் ‘விடோஸ்’ என்று பன்மை, கூடவே உடைமைக் குறி. அது அவர்களுடைய பணம் என்று அந்தக் குறி சொல்கிறது. ஒருமையோ அது எந்த வகைப் பணம் என்று மட்டும் சொல்கிறது.

இலக்கணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வகை பிரிப்பது அதன் வேலை. பல்பொடிக்கு அது போதும். நான் மட்டும் இப்போதெல்லாம் ‘கணவரை இழந்தவர்களுக்கான ஓய்வூதியம்’ என்று விரித்தே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று வெட்டுகிறார்கள். திரும்பச் சேர்த்து அனுப்புகிறேன்.